படியும் படிப்பும் பீடமும்: பெண்களின் சமயக் கல்வி குறித்துச் சில குறிப்புகள்

1

பெண்கள் ஆகமம் படிக்கலாமா, குர்ஆனுக்கு விளக்கம் சொல்லலாமா, தோரா கற்கலாமா என்று நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேள்வி தவறு என்று சொல்ல வரவில்லை. பழசாகிவிட்டது, அவ்வளவுதான். "படிக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?" என்று எல்லா மதத்து ஆண்களும் ஏதோ ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொல்லிவிட்ட பிறகும் அதிகாரம் இருந்த இடத்திலேயே எப்படி இருக்கிறது என்பதுதான் இன்று கேட்க வேண்டியது. இதற்குள் இரண்டு சில்லறைக் கேள்விகள் இருக்கின்றன. படிக்கிற காலத்தில் அவளுக்குச் சோறு யார் போடுவது? படித்து முடித்தபின் அவள் எங்கே உட்காருவது?

வயதுவந்த ஒருவர் வேறு வேலை பார்க்காமல் வருஷக்கணக்கில் ஒரு பிரதியோடு உட்கார்ந்திருக்க வேண்டுமானால், அவருக்காக வேறு யாரோ உழைத்தாக வேண்டும். சமயக் கல்வியின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் உரைகளின், குருமார்களின் வரலாறு. அதற்கு அடியில் நெல்லின் வரலாறு ஒன்று கிடக்கிறது. அதைத் தோண்டுவதற்குத் திருக்கோகர்ணம் பொருத்தமான இடம்.

புதுக்கோட்டை ஊரை ஒட்டியிருக்கும் திருக்கோகர்ணத்தில் குடைவரையும் அதைச் சுற்றி வளர்ந்த கோகர்ணேசுவரர் கோயிலும் இருக்கின்றன. அங்குள்ள பிரகதாம்பாள் தொண்டைமான் அரசர்களின் குலதெய்வம். அவர்கள் தங்களைப் பிரகதாம்பாதாசர் என்றே சொல்லிக்கொண்டார்கள். சமஸ்தானம் அடித்த செப்புக்காசில் அவள் உருவம்தான் இருந்தது. அதன் பெயரே அம்மன் காசு. நவராத்திரி நாட்களில் அரிசிப் படியோடு அந்தக் காசும் சேர்த்து வழங்கப்பட்டது. சதாசிவ பிரம்மேந்திரர் மணலில் எழுதிக் காட்டினார், விஜயரகுநாதத் தொண்டைமான் அந்த மணலை அள்ளிக்கொண்டுபோய் அரண்மனையில் வைத்துப் பூசித்தார் என்பது சமஸ்தானம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை. தசராவும் கற்றோர் சன்மானமும் அந்தக் கதையோடு பிணைந்தவை. சாஸ்திரம் படித்தவனுக்குச் சோறு போடுவது அரசின் கடமை என்பது இங்கே வெறும் கருத்தாக இல்லை. வருஷா வருஷம் அளந்து கொட்டப்பட்ட அரிசியாக இருந்தது.

காசில் இருந்தவள் பெண். கற்றவர் என்று சன்மானம் வாங்கியவர்கள் ஆண்கள். இந்த முரணைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் விஷயம் அத்தனை எளிதில்லை. ஏனென்றால் அதே மண்ணில் முழுநேரமாகக் கற்ற பெண்களும் இருந்தார்கள்.

2

புதுக்கோட்டைக்கு மேற்கே குடுமியான்மலையில் இருக்கும் இசைக் கல்வெட்டு ஒரு பாடநூல்தான். மாணவர்களின் நலனுக்காகச் செய்தது என்று அதுவே சொல்லிக்கொள்கிறது. அந்த மாணவர்கள் யார் என்பதைக் கல் சொல்லவில்லை. ஆனால் அதே கோயிலில் பிற்காலத்தில் அம்மன் சந்நிதியை எடுப்பித்தவர் ஒரு தேவரடியார் என்பது கல்வெட்டுச் செய்தி. நிலம் வாங்கவும் கோயில் எழுப்பவும் அவரிடம் பொருள் இருந்தது. 1014ஐ ஒட்டித் தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும் நெல்லும் ஒதுக்கப்பட்டதை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். கோயில் பெண்கள் திருவெம்பாவை பாடும் உரிமையைப் பதிவுசெய்த பிற்காலக் கல்வெட்டுகளும் உண்டு.

ஆக, ஆணுக்கு பிரம்மதேயம், மடம், தசரா படி என்று இருந்ததுபோல, கோயில் பெண்ணுக்கு மானியம் இருந்தது. நிலத்திலிருந்து வந்த நெல், அவளுக்கு நேரத்தைக் கொடுத்தது. அந்த நேரம் பாட்டாகவும் அபிநயமாகவும் மாறியது. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில் முருகன் கோயிலுக்கு முப்பத்திரண்டு பெண்கள் இருந்தார்கள் என்று அவர்களில் ஒருவரான முத்துக்கண்ணம்மாள் சொல்லியிருக்கிறார். ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்டவர். 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மலைப்படி ஏறி இறங்கிப் பாடி ஆடிய அந்த வாழ்க்கையில் பயிற்சி என்பது ஒரு நாளின் ஏதோ ஒரு மணிநேரம் இல்லை. நாள் முழுக்க அதுதான்.

இதை வைத்துப் பொற்காலம் கட்டுவதற்கு நாம் தயாராக இல்லை. ஏழு வயதுக் குழந்தைக்குச் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. மானிய நிலத்தின் பின்னால் மிராசுதாரின் கை இருந்தது. அவள் கலைக்குக் கொடுத்த நேரத்தை அவள் உடலின் மேல் பிறர் கொண்ட உரிமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவள் பாட்டைக் கற்றாள், ஆட்டத்தைக் கற்றாள். ஆனால் எந்தச் சடங்கு எப்போது, எது தீட்டு, யார் உள்ளே வரலாம் என்று விதிக்கும் ஆகமம் அவள் கைக்கு வரவில்லை. அவளே ஒரு சடங்காக இருந்தாள். சடங்கை விளக்கும் நாக்கு வேறு ஒருவருடையது.

3

இந்த இடத்தில் முத்துலட்சுமி ரெட்டி வருகிறார். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கல்லூரியில் ஒரு பெண் சேருவதற்கே எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுக்கச் சொன்னபின்தான் அவர் உள்ளே போக முடிந்தது. பிறகு மருத்துவம், 1912இல் பட்டம், 1920களின் பிற்பகுதியில் சென்னைச் சட்டமன்றம். 1929இல் அவர் முயற்சியால் வந்த திருத்தம், தேவதாசி மானிய நிலங்களைக் கோயில் ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. 1930இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் மசோதா. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. அவரும் அதே சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்து, அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர்தான். சட்டம் 1947இல் நிறைவேறியது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.

இந்தச் சண்டையை முத்துலட்சுமிக்கும் சத்தியமூர்த்திக்கும் நடந்த சண்டையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். மூன்றாவது குரல் ஒன்று இருந்தது. 1920களின் இறுதியில் சென்னை மாகாணத்துத் தேவதாசிகள் அரசுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் வெறுமே "எங்களை விட்டுவிடுங்கள்" என்று கேட்கவில்லை. கல்வி கொடுங்கள் என்றார்கள். சமயக் கல்வி, இலக்கியக் கல்வி, கலைக் கல்வி மூன்றும் கேட்டார்கள். கீதையையும் ராமாயணத்தையும் கற்றுக்கொடுங்கள், ஆகமங்களையும் வழிபாட்டு முறைகளையும் விளக்குங்கள் என்றார்கள். வயதுவந்த பெண்கள், தாங்கள் எந்தப் பிரதியின் பெயரால் ஆளப்படுகிறார்களோ அந்தப் பிரதியையே கேட்ட தருணம் அது.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீர்திருத்தத் தரப்புக்கு அது தந்திரமாகப்பட்டது. ஒழிக்க வேண்டிய முறையைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் வாதம் என்றார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமலில்லை. சனாதனத் தரப்புக்கோ தேவதாசி என்ற 'கலைப் பொக்கிஷம்' வேண்டியிருந்தது, ஆகமம் படித்த பெண் வேண்டியிருக்கவில்லை. குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது நின்றது. நிற்க வேண்டியதுதான், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் கோயிலுக்குள் பெண்ணுக்கு இருந்த ஒரே முழுநேர இடம் போனபோது, அந்த இடத்தில் எதுவும் வைக்கப்படவில்லை. ஆட்டம் சபாவுக்குப் போயிற்று. ஆகமம் இருந்த இடத்திலேயே இருந்தது.

4

கேட்கப்பட்டுக் கிடைக்காமல் போனது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு ஊகம் செய்ய வேண்டியதில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் அதே கேள்வியை எதிர்கொண்ட ஒரு சமூகம் இருக்கிறது. வயதுவந்த ஆண்கள் முழுநேரமாகப் பிரதியோடு உட்கார்ந்திருப்பதையே தன் உயிர்நாடியாகக் கொண்ட சமூகம் அது: யூதர்கள்.

யூதர்கள் நமக்கு அப்படியொன்றும் தூரத்துக்காரர்கள் இல்லை. கொச்சியின் யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகளை நோட்டுகளில் எழுதி, தாயிடமிருந்து மகள் என்று கைமாற்றி வைத்திருந்தார்கள். விவிலியக் கதைகளும் திருமணச் சடங்குகளும் அந்த நோட்டுகளில் இருக்கின்றன. பாட்டு பெண்ணுக்கு, சட்டம் ஆணுக்கு என்ற பங்கீடு நமக்குத் தெரிந்ததுதான்.

யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு வாக்குவாதம் பதிவாகியிருக்கிறது. மகளுக்குத் தோரா கற்பிப்பது தகப்பன் கடமை என்கிறார் பென் அஸ்ஸாய். மகளுக்குத் தோரா கற்பிப்பவன் ஒழுக்கக்கேட்டைக் கற்பிக்கிறான் என்கிறார் எலியேசர். நூற்றாண்டுக் கணக்கில் ஜெயித்தது எலியேசர் பக்கம். தல்மூதில் புரூரியா என்ற பேரறிவுள்ள பெண் வருகிறாள். ஒரே நாளில் முந்நூறு சட்டங்களைக் கற்றவள் என்கிறது மரபு. பதினோராம் நூற்றாண்டின் ராஷி உரையில் அவளுக்கு ஒரு அவமானமான முடிவு ஒட்டவைக்கப்பட்டது. படித்த பெண்ணுக்குக் கெட்டபெயர் தேடிக்கொடுக்கும் வேலை எந்த மொழியிலும் உரைகாரர்களுக்குக் கைவந்ததுதான் போலிருக்கிறது.

1917இல் போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் சாரா ஷெனிரெர் என்ற தையல்காரி இருபத்தைந்து சிறுமிகளை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே பையன்கள் மதப் பள்ளிக்குப் போனார்கள். பெண்பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போய்ப் போலிஷ் இலக்கியம் படித்தார்கள். வீட்டிலிருந்தும் மதத்திலிருந்தும் அவர்கள் நழுவுவதைக் கண்ட ராபிகள் பதறினார்கள். பெண்கள் வெளி உலகத்தைப் படிக்கத் தொடங்கிவிட்ட காலத்தில் தோராவையும் படிப்பதே மேல் என்று ஹஃபெட்ஸ் ஹயிம் போன்ற பெரியவர்களும் சொன்னார்கள். கதவு திறந்ததற்குக் காரணம் பயம். பெய்த் யாக்கோவ் என்ற அந்தப் பள்ளிகளில் 1930களுக்குள் பல்லாயிரம் பெண்கள் படித்தார்கள், ஆசிரியப் பயிற்சி நிலையமும் வந்தது. ஆனால் தல்மூத் மட்டும் பாடத்தில் இல்லை. சட்டம் விவாதிக்கப்படும் நூல் அது. சட்டத்தின்படி நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சட்டம் எப்படி உண்டாகிறது என்று கற்றுக்கொடுக்கவில்லை.

இதன் பின்விளைவு இன்னும் சுவாரஸ்யமானது. யூத இன அழிப்புக்குப் பிறகு இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் மீண்டெழுந்த தீவிர வைதிகச் சமூகத்தில், திருமணமான ஆண் பல வருஷம் முழுநேரமாக தல்மூத் படிப்பது லட்சியமாயிற்று. அந்த வீட்டுக்கு சோறு போடுகிறவள் யார்? பெய்த் யாக்கோவில் படித்து ஆசிரியையாகவோ கணக்காளராகவோ வேலைக்குப் போகும் மனைவி. அவள் படிப்பு அவன் படிப்புக்குப் படி அளந்தது. திருக்கோகர்ணத்தில் அரசன் செய்த வேலையை ஜெருசலேமில் பொண்டாட்டி செய்கிறாள்!

பூட்டு வேறு பக்கத்திலிருந்து உடைந்தது. 1977இல் நியூயார்க்கின் ஸ்டெர்ன் கல்லூரியில் பெண்களுக்கான தல்மூத் வகுப்பை ராபி சொலவெய்ச்சிக் தாமே பாடம் நடத்தித் தொடங்கிவைத்தார். 1979இல் அதே நகரத்தில் த்ரிஷா என்ற கல்விக்கூடம் வந்தது. வயதுவந்த பெண்கள் உதவித்தொகை வாங்கிக்கொண்டு முழுநேரமாக தல்மூத் படிக்க முடிந்தது என்பதுதான் அதன் புதுமை. இருவர் இருவராக உட்கார்ந்து ஒரு பக்கத்தை உரக்கப் படித்து, ஒருவரை ஒருவர் மறுத்து, அடித்துப் பேசிக் கற்கும் ஹவ்ரூதா முறை முதல்தடவையாகப் பெண்களின் அன்றாடமாயிற்று. ராபிப் பட்டத்துக்கு ஆண்கள் படிக்கும் பாடங்களையே 1990களில் பெண்களும் அங்கே படித்தார்கள். பட்டம் மட்டும் கிடையாது.

பீடம் பற்றிய கேள்வி இங்கேதான் முளைக்கிறது. விவாகரத்து விஷயத்தில் ராபி நீதிமன்றத்தில் நிற்கும் பெண்ணுக்காக வாதாட 1990களில் இஸ்ரேலில் பெண்கள் பயிற்சி பெற்றார்கள். நீதிபதி இருக்கையில் ஆண்கள்தான். 1999இல் நிஷ்மத் என்ற ஜெருசலேம் நிறுவனம் மாதவிலக்கு, தூய்மை பற்றிய சட்டங்களில் பெண்களுக்கு வழிகாட்டப் பெண்களுக்கே சான்றளித்தது. ஆண் ராபியிடம் கேட்கக் கூசிய கேள்விகளோடு பெண்கள் அவர்களிடம் போனார்கள். நம் கோயில் கருவறையிலிருந்து பெண்ணை விலக்கச் சொல்லப்படும் அதே காரணம், அங்கே பெண் அதிகாரத்துக்குள் நுழைந்த வாசலாயிற்று! ஆனாலும் அவர்களுக்கு 'ஆலோசகர்' என்றுதான் பெயர். தீர்ப்பளிப்பவர் என்று இல்லை. 2009இல் நியூயார்க்கில் மஹராத் என்ற பெண்களுக்கான கல்விக்கூடம் தொடங்கியபோது வைதிக அமைப்புகள் பட்டத்தின் பெயரைப் பற்றித்தான் பெரிதாகச் சண்டை போட்டன. 2025 ஜூலையில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், அரசு ராபி அலுவலகம் நடத்தும் தேர்வுகளைப் பெண்களும் எழுத அனுமதிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தேர்வில் தேறுவது அரசு வேலையிலும் சம்பளத்திலும் பட்டப்படிப்புக்கு நிகராகக் கணக்கிடப்படுகிறது. படியும் பீடமும் ஒரே வழக்கில் சந்தித்துக்கொண்டன.

5

மறுபடி நம் ஊருக்கு வருவோம். 1991-92இல் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கம் நமக்குத் தெரியும். கல்குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். வயதுவந்த பெண் படிப்பது என்பது இந்த மாவட்டத்தில் அன்று தெருக் காட்சி. ஆனால் அது பகுதிநேரம். வேலை முடிந்து, சோறு பொங்கி, அரிக்கேன் வெளிச்சத்தில் மிஞ்சியதுதான் படிப்பு.

அதே புதுக்கோட்டையிலிருந்து தாவூத் ஷரீஃபா கானம் 2000களின் தொடக்கத்தில் முஸ்லிம் பெண்கள் ஜமாத்தைக் கட்டினார். அவர் எழுப்பிய கேள்வி கூர்மையானது. தலாக், மஹர், ஜீவனாம்சம் என்று பெண்ணின் வாழ்க்கையை முடிவுசெய்யும் ஊர் ஜமாத்தில், அந்தப் பெண் உள்ளே வந்து பேசக்கூட இடமில்லை; ஜமாத் கூடுவது பள்ளிவாசலில். "அப்படியானால் எங்களுக்கு நாங்களே ஜமாத், எங்களுக்கு நாங்களே பள்ளிவாசல்" என்றார்கள் அந்தப் பெண்கள். மாதாமாதம் கூடி, வழக்குகளைக் கேட்டு, குர்ஆனை எடுத்துவைத்துப் பேசினார்கள். இவர்களில் பலர் மதரஸாவில் படித்தவர்கள் இல்லை. மறுபக்கம், தமிழ்நாட்டின் பல ஊர்களில் இயங்கும் பெண்கள் அரபிக் கல்லூரிகளில் வருஷக்கணக்கில் படித்து 'ஆலிமா' பட்டம் வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கலாம், பயான் செய்யலாம். ஊர் ஜமாத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது வழக்கத்தில் இல்லை. ஒரு பக்கம் பட்டம் இருக்கிறது, பீடம் இல்லை. இன்னொரு பக்கம் பீடத்தைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள், "உங்களுக்கு மார்க்கம் தெரியுமா?" என்ற கேள்வியை ஆயிரம்தடவை கேட்டார்கள். இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து உட்காரும் நாளைத்தான் ஜமாத் தலைவர்கள் உண்மையில் பயப்பட வேண்டும்.

கோயில் பக்கம் என்ன நடந்தது? அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற 2006 அரசாணையைத் தொடர்ந்து பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. இருநூறுக்கு மேற்பட்ட இளைஞர்கள் படித்து முடித்து, வேலையில்லாமல் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பயிற்சி பெற்றவர்கள் 2021 ஆகஸ்டில்தான் கணிசமாக நியமனம் பெற்றார்கள். அதே ஆண்டு பெண்களும் அர்ச்சகர் பயிற்சியில் சேரலாம் என்று அரசு அறிவித்தது. திருவரங்கம் பள்ளியில் சேர்ந்த மூன்று பெண்கள் ஓராண்டு முழுநேரமாகப் பாஞ்சராத்திரம் படித்து 2023 செப்டம்பரில் சான்றிதழ் வாங்கினார்கள். தங்குமிடம், சாப்பாடு, மாத உதவித்தொகை எல்லாம் அரசுடையது. தேவதாசிகளின் விண்ணப்பத்திலிருந்து எண்ணினால் தொண்ணூறு வருஷத்துக்கு மேல்! "ஆகமங்களை விளக்குங்கள்" என்று அந்தப் பெண்கள் கேட்டதை, அவர்கள் யார் என்றே அறியாத மூன்று பெண்கள் வாங்கிக்கொண்டார்கள்.

6

நம் நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். "கருவறையே வேண்டாம் என்கிறோம், அதற்குள் பெண் போனால் என்ன, ஆண் போனால் என்ன? பெண்ணை அர்ச்சகராக்கினால் பார்ப்பனியம் சேலை கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்." இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பெய்த் யாக்கோவின் கதையே இதற்குச் சாட்சி; பெண் கல்வி ஒரு வைதிகத்தைப் பலப்படுத்திய கதை அது. பிரதிக்குள் நுழைந்த பெண் பிரதியை மாற்றுவாள் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நாம் வேண்டாம் என்று சொல்வதால் அந்தப் பிரதி ஆளுவதை நிறுத்திவிடுகிறதா? தலாக் சொல்லப்பட்டவளும், கணவன் விடுதலைப் பத்திரம் தர மறுத்ததால் மறுமணம் செய்ய முடியாத யூதப் பெண்ணும், தீட்டு என்று படிக்கட்டில் நிறுத்தப்பட்டவளும் நம் நாத்திகத்தால் காப்பாற்றப்படுவதில்லை. வெளியிலிருந்து உடைப்பவர்கள் உடைக்கட்டும். உள்ளே இருப்பவளுக்குப் புத்தகத்தைப் பிரிக்கத் தெரிந்திருந்தால், "எந்த நூலில், எந்த இடத்தில், யார் சொன்னது?" என்று கேட்க முடியும். தீட்டு என்று சொல்பவர்களிடம் மேல்மருவத்தூரைக் காட்டலாம். அங்கே விலக்கு நாளிலும் பெண்கள் கருவறைக்குப் போய் வழிபடுகிறார்கள், வானம் இடிந்துவிடவில்லை. ஆனால் எதிராளி ஆகமத்தைக் காட்டுவார். அப்போது பதில் சொல்ல ஆகமம் தெரிந்த பெண் வேண்டும்.

அதனால் திருவரங்கத்துச் சான்றிதழைக் கொண்டாடுவதைவிட அதைத் தொடர்ந்து கணக்குக் கேட்பது உபயோகமானது. இளைஞர்களைப் பட்டத்தோடு வருஷக்கணக்கில் தெருவில் நிற்கவைத்த அதே நிர்வாகம் பெண்களையும் நிற்கவைக்கக்கூடும். படிப்பு ஓராண்டோடு முடிகிறது. உரை எழுதவும், ஒரு சடங்கு தேவையா என்று தீர்மானிக்கும் குழுவில் உட்காரவும் ஓராண்டு போதாது. ஆண்களுக்கு அதற்குப் பத்து, பன்னிரண்டு வருஷப் பாடசாலை இருக்கிறது. பெண்ணுக்கு அந்த வருஷங்களை யார் தரப்போகிறார்கள்? கோயில் நிலத்து வருமானத்தில் ஒரு பகுதியை அதற்குக் கேட்பது அதிகப்படி இல்லை. அந்த நிலத்தில் தேவரடியார் மானியமாக இருந்ததும் உண்டு என்று கல்வெட்டுகளே சொல்கின்றன.

நமக்கு வேண்டிய கோரிக்கை எளிமையானது. படிக்கும் காலத்துக்குச் சோறு. படித்த பிறகு தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஒரு இருக்கை. இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுப் பெண்ணுக்குக் கல்வி கொடுத்தோம் என்று யாராவது சொன்னால், எந்த மதத்துக்காரராக இருந்தாலும், மீதியையும் கேட்போம்.